பைக்கில் ராமேஸ்வரமா? அடக்கக் கூடாத வேகங்கள் பதினாலு!

தை பிறந்து மழையும் ஓய்ந்துவிட்டால் போதும், என் கிளினிக்கில் ஒரு புகார் ஆரம்பித்துவிடும். "டாக்டர் சார், பையன் சிநேகிதங்களோட பைக்ல ராமேஸ்வரம் போறேங்கிறான். கடற்கரை ரோட்டு வழியாவே போறாங்களாம். நீங்களாவது வேணாம்னு சொல்லுங்க!" தாய்மார்கள்தான் சொல்வார்கள். பக்கத்தில் அந்தப் பையன் தலையைக் குனிந்தபடி செல்போனை நோண்டிக்கொண்டிருப்பான்.

இப்போது பையன்கள் மட்டும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன ஜோடி, ரிட்டையராக இரண்டு வருஷம் பாக்கி இருக்கும் பேங்க் ஆபீசர், பழைய புல்லட்டை தூசி தட்டி எடுத்த மாமா என்று எல்லோருக்கும் இந்த ஆசை வந்திருக்கிறது.

நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நம் மாநிலத்தின் அழகெல்லாம் கோத்து வைத்த மாலை அந்தச் சாலை. திருவான்மியூரில் கிளம்பினால் முட்டுக்காட்டு உப்பங்கழி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, மரக்காணம் உப்பளம், புதுச்சேரி. அதைத் தாண்டினால் தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, 1930-ல் ராஜாஜி உப்பு எடுத்த வேதாரண்யம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா, தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் பாலம். கடைசியில் 1964 டிசம்பர் புயல் தின்றுவிட்டுப் போன தனுஷ்கோடி. எல்லாம் சேர்த்து 550 கிலோமீட்டருக்கு மேல் வரும். பஸ்ஸிலோ காரிலோ போனால் ஜன்னல் வழியாகப் பார்ப்பீர்கள். பைக்கில் போனால் உப்புக் காற்று மேலே படும்.

ஆனால் ஒன்று கேட்பேன். "எப்படித் திட்டம் போட்டிருக்கே தம்பி?" என்பேன். "காலைல நாலு மணிக்குக் கிளம்புறோம் சார், மணிக்கு எண்பது போனா சாயங்காலத்துக்குள்ள ராமேஸ்வரம்" என்பான். அங்கேதான் எனக்குக் கவலை. அவன் வண்டியின் வேகத்தைக் கணக்குப் போட்டிருக்கிறான். உடம்பின் வேகத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

உடம்புக்கு ஏது வேகம் என்கிறீர்களா? சித்த மருத்துவத்தில் 'வேகம்' என்றால் இயற்கை உந்துதல். வாயு பிரிதல், தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு என்று பதினாலு. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது எங்களுக்கு முதல் பாடங்களில் ஒன்று. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது இதை மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். பரீட்சைக்குப் படித்த அந்தப் பட்டியலை இப்போது நீண்ட தூர பைக் பயணம் போகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஏனென்றால் பைக்கில் உட்கார்ந்தவன் இந்தப் பதினாலில் பாதியையாவது அடக்கிக்கொண்டுதான் ஓட்டுகிறான். அடுத்த ஊர்ல பாத்துக்கலாம், இன்னும் இருபது கிலோமீட்டர்தானே என்பான்.

அந்த இருபது கிலோமீட்டரில்தான் எல்லாம் நடக்கிறது.

கொட்டாவி வந்தால் வண்டியை நிறுத்து!

முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். உயிரை வாங்குவது அதுதான்.

என்னிடம் தோள்பட்டை வலிக்கு ஒரு இளைஞர் வந்தார். காரை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, எலும்பு கூடிய பிறகும் கையைத் தூக்க முடியாமல் வந்தவர். ராத்திரி பத்து மணிக்குச் சென்னையில் கிளம்பி விடிய விடிய ஓட்டியிருக்கிறார். விடிகாலை தொண்டிப் பக்கம் வண்டி தானாகச் சாலையை விட்டு இறங்கி மண்ணில் சரிந்திருக்கிறது. "எதிரே ஏதாவது வந்ததா?" என்று கேட்டேன். "ஒண்ணும் வரலை சார். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை" என்றார். அதற்கு முன்னால் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். "கொட்டாவி விட்டுக்கிட்டே வந்தேன். ஒரு டீ குடிச்சேன்" என்றார்.

கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று விநாடி தூங்கிவிடும். தூங்கினோம் என்பதே தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் வண்டி 50 மீட்டர் ஓடியிருக்கும். ஓட்டுகிறவர் இல்லாமல் ஓடிய 50 மீட்டர்! காரில் இருப்பவருக்குச் சுற்றிலும் தகரமாவது உண்டு. பைக்கில் என்ன இருக்கிறது?

எங்கள் நூல் வழக்கில் ஒரு நாளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காலை ஆறிலிருந்து பத்து வரை வாதம், பத்திலிருந்து இரண்டு வரை பித்தம், இரண்டிலிருந்து ஆறு வரை கபம். இரவிலும் இதே வரிசை. கபத்தின் குணம் மந்தம், கனம், தூக்கம். உடம்பின் கடிகாரத்தை ஆராய்ந்த இன்றைய விஞ்ஞானமும் ஏறத்தாழ இதே நேரத்தைத்தான் காட்டுகிறது. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து விடியும் வரை ஒரு சரிவு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு சரிவு. தூக்கத்தால் நேரும் விபத்துகள் இந்த இரண்டு வேளையில்தான் குவிகின்றன.

அதனால் என் நோயாளிகளுக்கு நான் போட்டுக்கொடுக்கும் நேரம் எளிமையானது. நன்றாக விடிந்த பிறகு, ஆறரைக்கு மேல் கிளம்புங்கள். மதியம் ஒரு மணிக்குள் அன்றைய தூரத்தில் முக்கால்வாசியை முடித்துவிடுங்கள். சாப்பிட்டதும் உடனே வண்டியை எடுக்காதீர்கள். மரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ இருபது நிமிஷம் கண்ணை மூடிப் படுங்கள். பகல் தூக்கம் ஆகாது என்று நானேதான் எல்லோருக்கும் சொல்வேன். பைக் ஓட்டுகிறவருக்கு மட்டும் இந்தக் குட்டித் தூக்கத்துக்கு விதிவிலக்கு தருகிறேன். இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடுங்கள். ராத்திரியில் அந்தச் சாலையில் மாடு நடுவில் படுத்திருக்கும், விளக்கில்லாத டிராக்டர் வரும்.

டீ, காபி தூக்கத்தைத் தள்ளிவைக்குமே தவிர தீர்க்காது. இரண்டாவது கொட்டாவி வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். சத்தமாகப் பாட்டுப் பாடுவது, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வது எல்லாம் ஐந்து நிமிஷ வைத்தியம். ஜலதோஷத்துக்கு, அரிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள், அவற்றில் பல தூக்கத்தைக் கொண்டுவரும். முதல் நாள் ராத்திரி மூட்டை கட்டுகிறேன் என்று ஒரு மணி வரை விழித்திருந்துவிட்டுக் காலையில் கிளம்புவதும் தப்பு. அந்தத் தூக்கக் கடன் மறுநாள் மதியம் வசூலுக்கு வந்து நிற்கும்.

பெண்கள் வெளியே சொல்லாத அவஸ்தை

அடுத்தது சிறுநீர். இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. பின்னால் உட்கார்ந்து போகும் பெண்களோ வாயைத் திறந்து சொல்வதே இல்லை.

புதுச்சேரி போய்வந்த இளம் தம்பதி. வந்த மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்கு நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல், இடுப்பில் வலி. விசாரித்தால் விஷயம் இதுதான்: வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. வந்ததையும் அடக்கிக்கொண்டே போயிருக்கிறாள். "என்னங்க, நிறுத்துங்கன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு டாக்டர்" என்றாள். கட்டிய புருஷனிடம் என்னம்மா கூச்சம்! அந்தப் பிள்ளையும் பாவம், முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டே போயிருக்கிறான், கேட்கத் தோன்றவில்லை. காய்ச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கக்கூடும் என்பதால் உடனே சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நீர்முள்ளிக் குடிநீரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே கணவன்மார்களே, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, அவர்கள் கேட்காமலே நிறுத்துங்கள். பெட்ரோல் பங்கில் கழிப்பறையும் குடிநீரும் டயருக்குக் காற்றும் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. கேட்டு வாங்குங்கள், இதில் வெட்கம் வேண்டாம். கடலூர் தாண்டிய பிறகு பங்குகளுக்கு இடையே தூரம் கூடலாம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, அதிலும் மீமிசல், தொண்டிப் பக்கம், இன்னும் வெறிச்சென்று இருக்கும். டேங்க் பாதி இருக்கும்போதே பெட்ரோல் போடுவது என்று வைத்துக்கொண்டால் வண்டிக்கும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு.

தாகமும் இதோடு சேர்ந்ததுதான். பைக்கில் வியர்ப்பதே தெரியாது. காற்று உடனுக்குடன் உலர்த்திவிடும். "வேர்க்கவே இல்லை சார், ஜில்லுனு இருந்துச்சு" என்பார்கள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகில் உப்புப் பூத்திருக்கும். தலைவலி, எரிச்சல், சின்ன விஷயத்துக்குக் கோபம், பிரேக் பிடிக்க அரை விநாடி தாமதம் என்று உடம்பு வற்றுவது வேறு வேறு வேஷத்தில் வரும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு டம்ளர் குடியுங்கள். சீரகத் தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர், இளநீர் எல்லாம் நல்லது. மாசி, பங்குனி வாக்கில் போனால் ராமநாதபுரம் பக்கம் காலையில் பதநீர் கிடைக்கும், விடாதீர்கள். நெல்லிமுள்ளி, அதாவது உலர்ந்த நெல்லிக்காய், நாலு துண்டு சட்டைப் பையில் இருக்கட்டும். நிறுத்தும் இடத்தில் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் நாக்கு வறளாது. கலர் கலரான பாட்டில் பானங்கள் வேண்டாம். இருதய நோய், சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்கள் மட்டும் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யவேண்டும்.

போதுமான அளவு குடித்தோமா என்று எப்படித் தெரியும்? எங்கள் நீர்க்குறி சாஸ்திரத்துக்கு மருத்துவர் தேவை. ஆனால் அதன் முதல் பாடத்தை யாரும் படிக்கலாம். சிறுநீர் வெளுத்த மஞ்சளாக இருந்தால் சரி. நல்லெண்ணெய் நிறத்தில் கடுத்து இறங்கினால், அன்றைக்கு நீங்கள் குடித்தது போதவில்லை.

காற்றும் வெயிலும் எந்தப் பக்கம்?

கடற்கரைச் சாலையில் மட்டும் உள்ள ஒரு சங்கதி சொல்கிறேன். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் உங்களுக்கு இடப்பக்கம். முற்பகல் கழிந்து தரை சூடானதும் கடல்காற்று கிளம்பி இடப்பக்கத்திலிருந்து வண்டியைத் தள்ளும். எந்தப் பக்கம் தள்ளும்? வலப்பக்கம், அதாவது எதிரே லாரி வரும் பக்கம்! ஒரு பஸ்ஸை ஒட்டிப் போகும்போது காற்று மறைந்து, பஸ்ஸைத் தாண்டியதும் பட்டென்று அறையும். அந்த நேரத்தில் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தால் தீர்ந்தது. ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதால் பிரயோஜனமில்லை, வேகத்தைக் குறைப்பதுதான் வழி. பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மறைப்பே இல்லாத கடல்காற்று. அங்கே நின்று போட்டோ எடுக்கிறேன் என்று வண்டியை ஓரம் கட்டாதீர்கள்.

வெயிலுக்கும் திசை உண்டு. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சாலை கிழக்கே போகிறது. அதிகாலையில் போனால் சூரியன் நேராகக் கண்ணில் குத்தும், எதிரே வருவது தெரியாது. பத்து மணிக்கு மேல் போங்கள். திரும்பும்போது காலையில் கிளம்புங்கள், வெயில் முதுகில் இருக்கும். வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை போவது மேற்கு முகம். அதை மதியத்துக்குள் முடித்துவிடவேண்டும். இதெல்லாம் செல்போன் வரைபடம் சொல்லித்தராது, சூரியன் எந்தப் பக்கம் என்று நாம்தான் யோசிக்கவேண்டும்.

தை, மாசியில் டெல்டாவில் அறுவடை. வைக்கோலையும் நெல்லையும் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். வைக்கோல் மேல் பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும். அவர்களைத் திட்டாதீர்கள், களம் இல்லாத குறைக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? மெதுவாகப் போங்கள்.

எந்த மாதம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை புயல் காலம், யோசிக்கவே வேண்டாம். மார்கழியில் காலைப் பனிமூட்டம். சித்திரை, வைகாசியில் அக்கினி நட்சத்திரம். ஆனி, ஆடியில் அம்மியைப் பறக்கவிடும் காற்று. முதுவேனில் வாதம் தன்னிலையில் வளரும் பருவம், மூட்டுவலிக்காரர்களுக்கு அலைச்சலே ஆகாது. தை பத்திலிருந்து மாசி முடிய உத்தமம். பொங்கல் விடுமுறைக் கூட்டமும் அதற்குள் வடிந்திருக்கும்.

ஐந்து நாள் போதுமா?

சரியாக வரும். முதல் நாள் புதுச்சேரி, சுமார் 150 கிலோமீட்டர். இரண்டாம் நாள் கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி பார்த்துவிட்டு வேளாங்கண்ணி. மூன்றாம் நாள் காலையில் வேதாரண்யம், கோடியக்கரை. வெளிமான்களைப் பார்த்துவிட்டு மேற்கே திரும்பிப் பட்டுக்கோட்டையில் தங்கல். நான்காம் நாள் மனோரா, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம். ஐந்தாம் நாள் பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்துவிட்டார்கள், பைக்கிலேயே போகலாம். மாலைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். சாலையில் காற்று கொண்டுவந்து போட்ட மணல் கிடக்கும், கவனம். அங்கே கடலில் இறங்கிக் குளிக்கும் ஆசையும் வேண்டாம். இரண்டு கடல் சேரும் இடம், இழுப்பு எந்தப் பக்கம் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

எந்த நாளும் 180 கிலோமீட்டரைத் தாண்டவில்லை பாருங்கள். "இதென்ன சார், சைக்கிள் வேகம்" என்று பையன்கள் சிரிப்பார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் இறங்கி நடக்கவேண்டும், விரலை மடக்கி நீட்டவேண்டும், கழுத்தை மெல்லத் திருப்பவேண்டும். அதிர்வினால் கை மரத்துப்போவதும், ஒரே இருப்பில் இடுப்பு பிடித்துக்கொள்வதும் வாதக் குற்றம். ராத்திரி அறையில் உளுந்துத் தைலம் லேசாகத் தடவி, வெந்நீரில் குளித்தால் மறுநாள் உடம்பு தாங்கும். விரல் மரப்பு மறுநாள் காலையிலும் போகாமல் இருந்தால் அன்றைக்கு ஓட்டாதீர்கள்.

யார் போகக் கூடாது?

கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் போகவேண்டாம். மூலம் இரத்தமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது போகவேண்டாம். முதுகுத் தட்டு விலகியவர்கள் ரயிலில் போய்க் கடலைப் பார்க்கட்டும், கடல் எங்கேயும் போய்விடாது.

சர்க்கரை நோயாளிகள் போகலாம், ஆனால் பசி என்ற வேகத்தை அவர்கள் ஒரு தடவைகூட அடக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு அன்பர் வீட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டிபனை மாமல்லபுரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார். அங்கே கூட்டம். சரி, அடுத்த ஊர் என்று போனார். கல்பாக்கம் வருவதற்குள் கை நடுக்கம், கண் இருட்டல். நல்லவேளையாக நிறுத்திவிட்டார், கூட வந்தவர் பையில் கடலை மிட்டாய் இருந்தது. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டால் சாப்பிட்ட பிறகுதான் சாவியைத் தொடவேண்டும். சட்டைப் பையில் நாலு சர்க்கரைக் கட்டி இருக்கட்டும்.

மற்றவர்களுக்கும் காலையில் இட்லி, இடியாப்பம் போன்ற ஆவியில் வெந்தது. மதியம் அரை வயிறு சோறு, ரசம், மோர். வழியெல்லாம் மீன் வறுவல் மணக்கும், ருசி பாருங்கள், ஆனால் அதையும் மதியமே முடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி பரோட்டா சால்னா மறுநாள் காலை மலத்தைக் கட்டிவிடும், கட்டிய வயிற்றோடு சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். மது ஒரு சொட்டு கூடாது. புதுச்சேரி வழியாகப் போவதால் சொல்கிறேன்! நேற்று ராத்திரி குடித்தது இன்று காலை ஓட்டும்போதும் உடம்பில் மிச்சம் இருக்கலாம்.

பையில் என்ன இருக்கவேண்டும்?

உப்புச்சர்க்கரைப் பொட்டலம், அதாவது ஓ.ஆர்.எஸ்., ஐந்தாறு. அது கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. வயிற்று உப்புசத்துக்கு ஓமம், சுக்குப் பொடி. சுத்தமான துணிக்கட்டு, பிளாஸ்டர். நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகள், இரண்டு நாளுக்குக் கூடுதலாக. ரத்த வகையும் வீட்டு போன் நம்பரும் எழுதிய சீட்டு பர்ஸில்.

பைக்கில் சர்வசாதாரணமாக நடப்பது சைலன்சர் சூடு. இறங்கும்போது கெண்டைக்காலில் இழுத்துவிடும். உடனே இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேனா மையும் பற்பசையும் வேண்டாம். நான் சித்த வைத்தியன்தான், ஆனாலும் சொல்கிறேன், ரோட்டில் விழுந்த சிராய்ப்பில் மஞ்சள் தூளோ காபித் தூளோ வைத்து அடைக்காதீர்கள். நல்ல தண்ணீரில் மண் போகக் கழுவி, டி.டி. ஊசிக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

பெரிய அடி என்றால் 108. விழுந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுத் திணறல் இல்லாத வரை ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே ஆபத்து. தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் இலவசம். பணத்துக்கு அலைந்து நேரத்தைக் கடத்தவேண்டியதில்லை.

ஹெல்மெட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஓட்டுகிறவர் முகம் மூடிய நல்ல ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பின்னால் மனைவி வெறும் மல்லிகைப்பூவோடு உட்கார்ந்து போவதைத் தினமும் பார்க்கிறேன். சட்டப்படி இரண்டு பேருக்கும் ஹெல்மெட் கட்டாயம். தரைக்கு யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியாது. தலையில் பூ வேண்டுமானால் வேளாங்கண்ணி போய் வைத்துக்கொள்ளலாம் தாயே. துப்பட்டா, புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ. முழுக்கை பருத்திச் சட்டை.

கிளம்புவதற்கு முதல் நாள் எண்ணெய்க் குளியல் வேண்டாம், இரண்டு மூன்று நாள் முன்னதாக முடித்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்ட அன்று வெயிலில் அலைவதும் பகலில் தூங்குவதும் ஆகாது.

திரும்புகிற விஷயம். போகும்போது உற்சாகம் ஓட்டும். வரும்போது மறுநாள் ஆபீஸ் இருக்கிறதே என்ற பதற்றம் ஓட்டும். 550 கிலோமீட்டரை ஒரே நாளில் வந்துவிடலாம் என்று தோன்றுவது இங்கேதான். அதனால் நான் சொல்வது, வண்டியை ரயிலில் போட்டுவிட்டு நீங்களும் ரயிலில் படுத்துக்கொண்டு வாருங்கள். பைக்கைப் பார்சலாக அனுப்ப ரயில்வேயில் வசதி இருக்கிறது. ஆர்.சி. புத்தக நகல் கேட்பார்கள், டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. ராமேஸ்வரத்திலா, ராமநாதபுரத்திலா, மதுரையிலா, எங்கே ஏற்றிக்கொள்வார்கள் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பார்சல் ஆபீசில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ரயில் ஒத்துவரவில்லை என்றால் மதுரை, திருச்சி வழியாக இரண்டு ராத்திரி தங்கி வாருங்கள், லீவு ஒரு நாள் கூடுதலாகப் போடுங்கள்.

வீடு வந்த அன்றைக்கு வெந்நீர்க் குளியலும் மிளகு ரசச் சாதமும் போதும். வண்டியை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், உப்புக் காற்று செயினைத் தின்றுவிடும். இரண்டு நாள் கழித்து நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொள்ளலாம்.